கோடியக்கரைக்குப் போகும் வழி

பிப்ரவரி 2. தென்காசி.

நாளைக் காலை கிளம்புகிறோம், நானும் பேச்சியம்மாளும். பேச்சி என் வீட்டுக்காரரின் தங்கை. சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வேண்டும். எனக்குக் கடற்கரைகளைப் பார்க்க வேண்டும்.

அறுபது வயதில் இதென்ன ஆசை என்று பெங்களூரிலிருந்து மகன் சங்கர் போனில் கேட்டான். டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார், மணலில் நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்றேன். டாக்டர் நடக்கச் சொன்னது உண்மை. மணல் என்று அவர் சொல்லவில்லை.

தை மாதத்தில் வீட்டுக்காரருக்குத் தலைத்திவசம் முடிந்தது. இனி வெளியூர் போனால் யாரும் எதுவும் சொல்வதற்கில்லை.

பருத்திப் புடவை இரண்டு புதிதாக எடுத்தேன். தலைக்குச் சாயம் போட்டேன். கடற்கரை வெயிலில் நரை பளிச்சென்று தெரியும் என்று பேச்சி சொன்னாள்.

பிப்ரவரி 3. ராமேஸ்வரம்.

நாள் முழுக்க பஸ். ராமநாதபுரத்தில் ஒரு மாற்றல். பேச்சி கட்டி வந்த புளியோதரை தூத்துக்குடியிலேயே தீர்ந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் உருண்டை பிடித்துக் கொடுத்தாள்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் பேச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஆமா மதினி, எப்பம் சாயம் போட்டிய? இப்பதான் பாக்கேன்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே படகுகளைக் காட்டினேன். நேற்று அவள் சொன்னதாக எழுதியது நானாகச் சொல்லிக்கொண்டது.

பிப்ரவரி 4. தனுஷ்கோடி.

நான் கடலையே பார்க்காதவள் இல்லை. திருச்செந்தூருக்குப் பலமுறை போயிருக்கிறேன். சாமி கும்பிட்டதும் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தைப் பார்த்து நடப்பார். கடல் பக்கம் போகலாமா என்று கேட்டால், "தண்ணிதானே" என்பார். அவர் கோபப்பட்டுச் சொன்னதில்லை. தண்ணீர்தானே என்று உண்மையாகவே நினைத்தார்.

இன்றைக்குத்தான் கடலோரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அரிச்சல்முனையில் நிலம் ஒரு நாக்கு மாதிரி மெலிந்து முடிகிறது. ஒரு பக்கம் தண்ணீர் குளம்போலக் கிடக்கிறது. மறுபக்கம் அலை வந்து வந்து அறைகிறது.

"இது பெண்கடல், அது ஆண்கடல்" என்று பேச்சிக்குக் காட்டினேன்.

வண்டி ஓட்டிவந்தவர் திரும்பிப் பார்த்தார். "அம்மா முன்னாடியே வந்திருக்கீங்க போலயே?"

"இல்லையே" என்றேன்.

"பெறகு எப்படித் தெரியும் மதினி?" என்றாள் பேச்சி.

"போன் ஆபீஸ்ல ஒருத்தங்க சொல்லியிருக்காங்க."

இடிந்த தேவாலயத்தின் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். பவளக்கல். சொரசொரப்பாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படித்தான் இருந்தது.

பிப்ரவரி 5.

பேச்சி தீர்த்தமாடினாள். நான் ஈரத்துணிகளுக்குக் காவல். அவளுக்குத் தும்மல், எனக்குத் தலைவலி.

பிப்ரவரி 6. காரங்காடு.

அலையாத்திக் காட்டுக்குள் படகில் போனோம். வனத்துறை சார்பில் ஊர்க்காரர்களே படகு விடுகிறார்கள். பேச்சி கறுப்பு உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்தவள் கரை வந்துதான் விட்டாள். இன்னும் சிவந்திருக்கிறது.

வாய்க்கால் குறுகக் குறுக இருபக்கமும் மரங்கள் தலைக்கு மேலே ஒன்றையொன்று தொட்டன. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே எட்டிப் பார்க்கின்றன. அந்த வேர்கள் மூச்சு விடுகின்றன. கூழைக்கடா ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் மிதந்து போனது. சேறு வீசிய வீச்சம்தான் தாங்கவில்லை. அதை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இந்த வேரு மூச்சு விடும், பாத்துக்கோ" என்று நான் சொல்லியிருக்கக்கூடாது.

"அதுவும் ஆபீஸ்ல சொன்னாவளாக்கும்?"

"ஆமா."

"அந்த ஒருத்தங்க ஆம்பளையா, பொம்பளையா?"

படகுக்காரர் முன்னால் இருந்தார். அப்புறம் சொல்கிறேன் என்றேன். பேச்சி அதற்குப் பிறகு எந்தப் பறவையையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 7. தொண்டி.

பேச்சிக்குச் சளி. அறையில் படுத்திருக்கிறாள். வெளியே போகவில்லை. எழுத நேரம் இருக்கிறது.

மதுரையில் டிரங்க் போர்டில் எனக்கு வேலை கிடைத்தபோது இருபத்தொரு வயது. யாராவது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு இணைப்பு வாங்கித் தரவேண்டும். எங்களுக்குள் ஊர்ப் பெயர்தான் பெயர். திருச்சி, கோவை, தஞ்சாவூர். நான் மதுரை. நாகப்பட்டினத்தில் மத்தியான ஷிப்டில் ஒருவர் இருந்தார். அவர் நாகை.

எந்தச் சொல்லையும் அவசரப்படுத்தாத குரல். "கொஞ்சம் இருங்க மதுரை, லைன் பாக்குறேன்" என்பார். அந்தக் "கொஞ்சம் இருங்க"வுக்காக, லைன் கிடைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

உப்பு வியாபாரிகளும் மீன் வியாபாரிகளும் காலையில் பேசி முடித்துவிடுவார்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போர்டு ஓய்ந்துவிடும். அப்போது பேசுவார். அவருக்குச் சொந்த ஊர் கோடியக்கரை. லீவு கிடைத்தால் கடலோரமாகவே ஊர் ஊராகப் போவாராம். திரும்பி வந்து எனக்குச் சொல்வார். தனுஷ்கோடியில் இரண்டு கடல், காரங்காட்டில் மூச்சு விடும் வேர், முத்துப்பேட்டைக் காயலில் மீன் துள்ளிப் படகுக்குள்ளேயே விழுவது, கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைக் கூட்டம், கரையோரம் அலையும் குதிரைகள். ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே இருப்பேன். பதிலுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இருக்காது. எங்கள் தெருக்கோடியில் வைகை கூட வற்றித்தான் கிடக்கும்.

பெயர் வைரக்கண்ணு. அதுவும் அவர் சொன்னதில்லை. ஒருநாள் அவருடைய சூப்பர்வைசர் பின்னால் கூப்பிட்டது லைனில் விழுந்தது.

போட்டோ பார்த்ததில்லை. உயரமா, கட்டையா, தெரியாது.

மூன்றாவது வருஷம் தை மாதம் சொன்னார்: "ஒரு ரெண்டு நாள் லீவு போட்டு வாங்களேன் மதுரை. பூநாரை வந்து எறங்கியிருக்கு. வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கிறேன்."

எனக்குத் தென்காசியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். "கொஞ்சம் இருங்க மதுரை" என்றார்.

இருந்தேன். வேறொரு ஆபரேட்டர் வந்து, "சொல்லுங்க மதுரை, எந்த நம்பர்?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். பிறகு அவர் காலை ஷிப்டுக்கு மாறிவிட்டார். நான் கல்யாணமாகித் தென்காசிக்கு மாற்றல் வாங்கினேன். கொஞ்ச காலத்தில் போர்டுகளையே கழற்றிவிட்டார்கள்.

இதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பொழுது போகவில்லை, எழுதினேன். ஊர்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம்.

பிப்ரவரி 8. முத்துப்பேட்டை.

ஆற்றோடு படகில் போய்க் காயலில் இறங்கியபோது வானமும் தண்ணீரும் ஒரே நிறமாக இருந்தன. கரை எது என்று தெரியவில்லை. காட்டுக்குள் மரப்பலகையால் பாதை போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்துதான் பேச்சியிடம் எல்லாம் சொன்னேன். இனிமேல் மறைத்தால் அவளோடு ஒரே அறையில் தங்க முடியாது.

ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுக்கொண்டாள். முடிந்ததும் கேட்டாள்: "எங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியிறதுக்கு என்ன இருக்கு பேச்சி? நாங்க பாத்ததுகூட இல்ல."

"ஒண்ணுமில்லைனா இத்தன வருசம் ஏன் மனசுல வச்சிருந்திய?"

பலகையில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினேன்.

"எங்கண்ணன் போயி ஒரு வருசந்தான் ஆவுது மதினி" என்றாள். எழுந்து முன்னால் நடந்தாள். அவளுக்கும் முழங்கால் வலி உண்டு; அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

பிப்ரவரி 9. வேதாரண்யம்.

பஸ்ஸில் பேச்சி வேறு சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும்போது என் பையையும் சேர்த்து அவளே தூக்கிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டு புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பழையது எங்கே இருந்தது என்று ஒரு பூக்காரியிடம் கேட்டேன். அதே இடம்தானாம். கொஞ்ச நேரம் நின்றேன்.

பிப்ரவரி 10. வேதாரண்யம்.

காலையில் கண் விழித்தால் பேச்சியைக் காணோம். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று விடுதிக்காரர் சொன்னார். உச்சிவெயிலில் திரும்பி வந்தாள். நெற்றியில் விபூதி, முகமெல்லாம் வேர்வை. நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தாள். கட்டிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கோயில்ல விசாரிச்சேன். டெலிபோன் ஆபீஸ்ல இருந்த வைரக்கண்ணுன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியுது. கோடியக்கரையில மக வீட்டுல இருக்காராம். பொண்டாட்டி தவறி அஞ்சாறு வருசமாச்சாம்."

நான் புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

"இன்னொண்ணும் சொன்னாவ." அவள் தரையைப் பார்த்தாள். "தொண்டையில கட்டி வந்து ஆபரேசன் பண்ணிட்டாவளாம். கழுத்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு விடுதாராம். பேச்சு போயிட்டு மதினி."

வெளியே உப்பு லாரி ஒன்று வெகுநேரம் ஹாரன் அடித்தது.

"ஊருக்குப் போயிரலாம்" என்றேன்.

"சரி" என்றாள். பைகளைக் கட்டினாள். சாயங்கால பஸ்ஸுக்கு நேரம் விசாரித்து வந்தாள்.

ஆளை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்தக் குரல் ஒன்றுதான். ஒருதரம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். அது எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி.

கட்டிய பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சிதான் ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் நல்லவந்தான்."

"ஆமா. நான் இல்லைன்னு சொல்லலையே."

"ஆனா பேசமாட்டான். அப்பாவும் அப்படித்தான். எங்கம்மா அடுப்படியில உக்காந்து, கொதிக்கிற ஒலையப் பாத்துப் பேசிக்கிட்டு இருப்பா. நீங்களும் அப்படிப் பேசுறத ரெண்டு மூணு தரம் கேட்டுருக்கேன். கேக்காத மாரி போயிட்டேன்." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "அவருக்குத்தான் பேச்சு போயிட்டு. உங்களுக்கு இருக்குல்லா?"

பஸ் போய்விட்டது. நாங்கள் போகவில்லை.

பிப்ரவரி 11. கோடியக்கரை.

உப்பளங்களைத் தாண்டி பஸ் காட்டுக்குள் நுழைந்தது. குட்டை குட்டையான மரங்கள். ஒரு வெட்டவெளியில் வெளிமான்கள் நின்றன. திருகிய கொம்போடு ஓர் ஆண்மான் பஸ்ஸைப் பார்த்துவிட்டு மறுபடி மேயப் போனது.

வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மகள் பெயர் தையல்நாயகி. வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "உங்கப்பாகூட போன் ஆபீஸ்ல வேல பாத்தவங்க, மதுரையில இருந்தாவ" என்று பேச்சிதான் சொன்னாள்.

தையல்நாயகி கையைக் கழுவிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது.

"அப்பா பேசமாட்டாங்கம்மா. தெரியுங்களா?"

தலையசைத்தேன்.

"காது நல்லா கேக்கும். கடல் பக்கம் ஒக்காந்திருப்பாங்க. நேரா போங்க, ஒரு சிமெண்டு பெஞ்சு வரும்."

தூரத்திலேயே தெரிந்தது. முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி. வெள்ளைச் சட்டை. கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. உயரமானவர்தான் என்று நினைக்கிறேன். உட்கார்ந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை. எனக்கு எந்த அடையாளமும் பிடிபடவில்லை. அது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மணல் செருப்புக்குள் ஏறி உறுத்தியது.

"செருப்பக் கழட்டிடு பேச்சி, மண்ணு ஏறுது" என்றேன்.

அவர் திரும்பினார்.

எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், பேச்சியைப் பார்த்தார், மறுபடி என்னை. அவர் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மூன்று எழுத்து.

"ஆமா, மதுரைதான்" என்றேன். "நாகைதானே?"

இரண்டு கையாலும் பெஞ்சைத் தட்டிக் காட்டினார், உட்காருங்கள் என்று. மேல் துண்டால் மணலைத் துடைத்துவிட்டார். உட்கார்ந்தேன். பேச்சி கிளிஞ்சல் பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெறும் மணலில் நடந்து போனாள்.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டினார். எழுத்துகளைப் பெரிதாக வைத்திருக்கிறார். "கடல் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. அரிச்சல்முனையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் சொன்னதை அவருக்கே சொன்னேன். பெண்கடல், ஆண்கடல், பவளக்கல், வேர்கள், காயலின் நிறம். முத்துப்பேட்டையில் ஒரு மீனும் துள்ளிப் படகுக்குள் விழவில்லை என்றேன். "அப்புறம், காரங்காட்டுச் சேறு அந்த வீச்சம் வீசும்னு ஒரு நாளாவது சொன்னீங்களா நீங்க?"

அவர் சிரித்தார். தோள் குலுங்கியது. கழுத்துத் துணி மட்டும் புஸ்புஸ்ஸென்று எழும்பி அடங்கியது. அந்தச் சத்தத்துக்கு முதலில் பயந்தேன். பிறகு பழகிவிட்டது.

வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னேன். சங்கரைப் பற்றி, தென்காசிச் சாரலைப் பற்றி. போர்டைக் கழற்றிய அன்றைக்கு நான் பாத்ரூமில் நின்று அழுததைச் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் ஒன்றையும் தட்டி இடைமறிக்கவில்லை. கடலைப் பார்க்காமல் என்னையே பார்த்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தையல்நாயகி சாப்பிடக் கூப்பிட வந்தபோது என் தொண்டை கட்டியிருந்தது.

பிப்ரவரி 12. கோடியக்கரை.

வனத்துறையில் அனுமதி வாங்கி, தையல்நாயகிக்குத் தெரிந்த ஒருவரின் ஜீப்பில் சதுப்புக்குப் போனோம். நாகை முன்னால் உட்கார்ந்து கையால் வழி காட்டினார்.

பூநாரைகள் தூரத்தில் நின்றன. ஆயிரக்கணக்கில் இருக்கும். சேற்றுக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இத்தனை காலம் மனத்துக்குள் அவற்றை நல்ல ரோஜா நிறத்தில் வைத்திருந்தேன்.

"வெள்ளையாத்தானே இருக்கு?" என்றேன்.

அவர் கையைக் காட்டினார்: பொறுங்கள்.

எதற்கு மிரண்டனவோ தெரியவில்லை, ஒரு ஓரம் எழும்பியது. அடுத்து அதன் பக்கம், அடுத்து எல்லாமே. சிறகு விரிந்தபோதுதான் உள்ளே இருந்த சிவப்பு தெரிந்தது. சதுப்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி. "எம்மா!" என்று பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் தலைக்கு மேலே நீண்ட கழுத்துகளோடு போய், சுற்றி வந்து, வேறோர் இடத்தில் இறங்கி மறுபடி வெள்ளையாக நின்றன.

அவர் மேலே பார்க்கவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது பேச்சி சொன்னது.

பிப்ரவரி 14. கோடியக்கரை.

பேச்சியை மட்டும் பஸ் ஏற்றிவிட்டேன்; நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன். வேதாரண்யம் வரை கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள்.

"சங்கர் கேட்டா நான் பேசிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் விளக்க வேண்டாம்" என்றாள். படியில் ஏறியவள் இறங்கி வந்து என் கன்னத்தைத் தொட்டாள். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. கண்டக்டர் விசில் அடித்தார்.

தையல்நாயகி மாடியறையைக் கூட்டித் துடைத்துக் கொடுத்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் கருவேலங்காடும் அதற்கு அப்பால் ஒரு துண்டுக் கடலும். துவைத்துப் போட்டேன், உப்புக் காற்றில் புடவை மொடமொடவென்று நிற்கிறது.

பிப்ரவரி 17. கோடியக்கரை.

காலையில் தையல்நாயகியுடன் மீன் வாங்கப் போனேன். எனக்கு மீனின் பெயர்கள் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் அவரோடு பெஞ்சில் இருந்தபோது சங்கர் கூப்பிட்டான்.

"அத்தை மட்டும் தென்காசிக்கு வந்துட்டாங்களாம். நீங்க எங்கம்மா இருக்கீங்க?"

"கோடியக்கரையிலதான். இங்க பறவையெல்லாம் வந்திருக்குடா. பாக்கப் பாக்க ஆசையா இருக்கு."

"தனியாவா?"

"தெரிஞ்சவங்க வீடு."

பேச்சி எவ்வளவு சொன்னாளோ தெரியாது. கோபமில்லாத குரலில் கேட்டான். "எப்போ வருவீங்க?"

"பறவையெல்லாம் கிளம்பினதும் வர்றேன்."

"அது எப்போ கிளம்பும்?"

போனைக் கையால் மூடிக்கொண்டு, "இதெல்லாம் எப்போ கிளம்பும்னு கேக்குறான்" என்று அவரிடம் கேட்டேன்.

அவர் தன் போனை எடுத்தார். ஒரு எழுத்தைத் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். வெயில் பட்டுத் தெரியவில்லை என்று கையால் மறைத்துக் காட்டினார்.

"சிலது போறதே இல்ல."

இரண்டு முறை படித்தேன். சங்கர் காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் சரியாத் தெரியாதாம்டா" என்று அவனிடம் சொன்னேன்.